தொட்டில் கம்பி

நான் சுபாவத்திலேயே முன்ஜாக்கிரதையான ஆள், சார். காரில் எல்லோரும் பெல்ட் போட்டாயிற்றா என்று திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டேன். ஏணியில் கால் வைக்குமுன் ஆட்டிப் பார்ப்பேன். வீடுகளில் கணப்பு உலை பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உங்கள் வீட்டு உலையும் என் கை பட்டதுதான். விஷவாயு கசிந்தால் அலறும் அலாரப் பெட்டி இல்லாத வீட்டில் நான் இதுவரை நெருப்பைப் பற்றவைத்துக் கொடுத்ததில்லை. “அது எதுக்குப்பா, சும்மா சும்மா கத்தும்” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும் என்று மாட்டிவிட்டுத்தான் வருவேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். என்னை யாரும் அலட்சியக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது.

சனிக்கிழமை காலை சேர்லிஃப்டிலிருந்து என் சிநேகிதன் ராய்ஸ் எப்படி விழுந்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்கும் உத்தேசம் இல்லை. ஆனால் கம்பியிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

எங்கள் கோல்டர் மலையின் லிஃப்ட் பழைய காலத்தது. இரும்பு வடத்தில் இருவர் உட்காரும் நாற்காலிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு ஏறும். காலில் சறுக்குப் பலகைகளோடு அதில் உட்கார்ந்தால் உச்சியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பனியில் சறுக்கி இறங்க வேண்டியதுதான். ஒவ்வொரு நாற்காலிக்கும் தலைக்கு மேல் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கையை உயர்த்தி இழுத்தால் மடிக்கு முன்னால் வந்து நிற்கும். முன்பு அது கிடையாது. இன்சூரன்ஸ்காரர்கள் பிடிவாதம் பிடித்ததால் வந்தது. ஊரார் சேர்ந்து நடத்தும் மலை என்பதால் நாங்களே மாட்டினோம். பாதிக் கம்பிகளை மாட்டியது நானும் ராய்ஸும். கோடை முடிந்ததும் கீல்களுக்குக் கிரீஸ் வைப்பது இன்றுவரை என் பொறுப்பு. ஒரு விரலால் இழுத்தாலும் சத்தமில்லாமல் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் ஊர்க்காரர் யாரும் அதை இழுப்பதில்லை. தொட்டில் கம்பி என்று நாங்கள்தான் அதற்குப் பேர் வைத்தோம். மின்னசோட்டா நம்பர் பிளேட்டோடு வரும் சமவெளிக்காரர்கள் இழுப்பார்கள்; அவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொள்வோம். உள்ளூர்க்காரன் ஒருவன் புதிதாகப் பிடித்த காதலியோடு ஏறியபோது அவளுக்காக இழுத்தான் என்பதற்காக, அவன் கல்யாணத்தன்றுகூட அவனைத் ‘தொட்டில்’ என்றுதான் கூப்பிட்டோம். இன்றைக்கு அவன் நிர்வாகக் குழுவில் இருக்கிறான். இன்றைக்கும் இழுப்பதில்லை. யாரும் சட்டம் போட்டு வைத்ததல்ல இது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, அவ்வளவுதான். நீங்களும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான். நீங்கள் கடைசியாக எப்போது இழுத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

என் மனைவி கோரின் மட்டும் இழுப்பாள். அவள் மின்னசோட்டாக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஊரே அவளைக் கிண்டல் செய்தது. அவள் காதில் வாங்கவில்லை. “சிரிக்கிறவன் வந்து கீழ விழுறவளப் புடிப்பானா?” என்று கேட்டுவிட்டு இழுத்துக்கொள்வாள். எங்கள் மகள் ஜோசி சறுக்கக் கற்றுக்கொண்டு என்னோடு மலைக்கு வரத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கோரின் வாசலில் நின்று என்னிடம் சத்தியம் வாங்குவாள்.

“கம்பிய இறக்குவேன்னு சொல்லு.”

“இறக்குவேன்.”

“என் கண்ணப் பாத்துச் சொல்லு, வெண்டல்.”

“இறக்குவேன்மா.”

ஜோசிக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும் அப்பாவும் வாராவாரம் பேசிக்கொள்ளும் ஏதோ வேடிக்கை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நாங்கள் பேசும்போது கூடவே வாயசைப்பாள்.

அவள் விழுந்தது போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில். அது பற்றி நான் அன்று கொடுத்த வாக்குமூலம் இந்தப் போலீஸ் அலுவலகத்திலேயே எங்காவது இருக்கும். கம்பி இறக்கியிருந்தது. அடிவாரத்தில் யாரோ ஏறும்போது தடுக்கி விழுந்ததால் லிஃப்ட் நின்றது. எங்கள் நாற்காலி நரிப் பள்ளத்துக்கு மேலே தொங்கியது. காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால் அங்கே பாறை எப்போதும் வெளியே தெரியும். பிறகு லிஃப்ட் திடீரென்று குலுங்கிக் கிளம்பியது. நாற்காலி முன்னும் பின்னும் ஆடியது. உறைந்த இருக்கையில் ஜோசியின் வழவழப்பான கோட்டு வழுக்கியது. கம்பிக்கு அடியில் புகுந்து சரிந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே கத்தினேன். கையுறை கழன்று என் கையிலேயே நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை.

அப்படித்தான் சொன்னேன். பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போதுகூட அந்தக் கம்பி இறங்கி இருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது.

லிஃப்டைக் கீழே இயக்கியவள் லோர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் ஓட்டிய காலத்தில் ஒரு குழந்தைக்குக்கூடச் சிராய்ப்பு ஏற்பட்டதில்லை. நிர்வாகக் குழு அவளை அழைத்துக் கேட்டது. “எப்பவும் குலுங்குறதுதான், அன்னிக்கும் குலுங்குச்சு” என்றாள். மெதுவாகக் கிளப்பியிருக்கலாமே என்றார்கள். கம்பி இறங்கியிருந்ததா என்று அவளால் சொல்ல முடியாது, நடுவில் மரங்கள். கம்பி இறக்கியிருந்தும் ஒரு குழந்தை விழுந்திருக்கிறது என்றால் கோளாறு கிளப்பியவளிடம்தானே இருக்க வேண்டும். அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை, அதைக் கவனியுங்கள். கம்பி கீழே இருந்தது என்று மட்டும்தான் சொன்னேன். மற்றதை அவர்களே கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் லோர்னாவை ஏசவில்லை. எங்கள் ஊர் அப்படிப்பட்டதல்ல. கடையில் பார்த்தால் வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மலையடிக் கூடத்தில் நடக்கும் விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு போவோம். லோர்னா ஹக்கிள்பெர்ரிப் பழம் போட்ட கேக் கொண்டுவந்தாள். மேசையில் எல்லாப் பாத்திரமும் காலியாயிற்று, அந்தக் கேக்கில் மட்டும் கத்தி படவில்லை. பாவமாக இருந்தது. நான் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். கோரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அப்போது மனதில் ஓடியது. ஓடிப் போய்விட்டது.

கோரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோசி போன பிறகு அவள் பிழைத்திருப்பாளா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். முதல்முறையாக அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: “நீ கம்பிய இறக்கியிருந்தேங்கிற ஒண்ணுதான் என்ன உன்கூட வச்சிருக்கு. இல்லேன்னா இந்த வீட்ல ஒரு நிமிஷம் இருந்திருக்க மாட்டேன்.” நான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவளை அணைத்துக்கொண்டேன். அன்றிரவு அவள் ஒரு கிண்ணம் சூப் குடித்தாள். அதற்கப்புறம் மெல்ல மெல்ல எழுந்தாள். தாகமெடுத்தவன் தண்ணீர் கேட்பதுபோல, வாரத்துக்கு ஒரு முறையாவது அவளுக்கு அதைக் கேட்டாக வேண்டும். இறக்கினியா? இறக்கினேன். என் மனைவி அதைக் குடித்துத்தான் உயிரோடிருக்கிறாள், சார். நான் அதைச் சொல்லித்தான் உயிரோடிருக்கிறேன். எங்கள் வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை.

ராய்ஸ் அன்று எங்களுக்குப் பின் நாற்காலியில் தனியாக வந்துகொண்டிருந்தான். அவனும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருந்தவர்கள். எல்க் மான் வேட்டைக்கு ஒரே கூடாரம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். அவனுடைய கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளையும் இல்லை. ரஸ்ட்டி என்ற ஒரு கிழட்டு நாய்தான் துணை. பெரிய சிரிப்புக்காரன். மலையில் அவன் எந்த நாற்காலியில் வருகிறான் என்பதை அவன் சிரிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஜோசி விழுந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவன் என்ன பார்த்தான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனை விசாரித்தபோது ‘பனி கண்ணை மறைத்தது’ என்று சொல்லிவிட்டான். அது எனக்காகச் சொன்னது. நண்பன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று நான் மனதாரப் பாராட்டினேன்.

இந்தக் குளிர்காலத்தில்தான் காரியம் கெட்டது. லோர்னா ஒரு நாள் தன் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதற்கென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள்தானே போனார்கள். கார்ப் புகையில் அங்கே நான் மாட்டியிருந்த அலாரம் அலறியது. பக்கத்து வீட்டு ராய்ஸ் கதவை உடைத்து அவளை வெளியே இழுத்துப் போட்டான். ஒருவகையில் பார்த்தால் லோர்னாவின் உயிரைக் காப்பாற்றியது நான். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

சில நாள் கழித்து நான் மலையடிக் கூடத்தின் கொதிகலன் அறையில் வேலையாக இருந்தபோது ராய்ஸ் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“லோர்னாவப் போய்ப் பாத்தேன்” என்றான். “என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘நான் அந்தப் புள்ளையக் கொன்னுட்டேன் ராய்ஸ்’ங்கிறா. நான் என்னடா பதில் சொல்றது?”

“தைரியம் சொல்லு. வேறென்ன?”

“தைரியமா? டேய், கம்பி மேல இருந்துச்சுடா.”

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

“மேல இருந்துச்சு, வெண்டல். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்னிக்கே சொல்லாம விட்டது என் தப்பு. உன் மூஞ்சியப் பாக்க முடியல, அதான் பனி கினின்னு உளறிட்டேன். நான் வேற பின்னாடியிருந்து கத்துனேன். எனக்கும் இதுல பங்கு இருக்கு. தூக்கமே வர்றதில்லடா.”

அவன் என்ன கத்தினான் என்பது இங்கே முக்கியமில்லை. கம்பி விஷயத்தில் அவன் சொன்னது உண்மை. ஜோசி விழுந்தபோது கம்பி மேலே இருந்தது. அவன் இல்லாத இடத்தில் அவன் சொன்னதை மறுப்பது அழகல்ல, ஒத்துக்கொள்கிறேன். மேலே இருந்தது என்றால், யாரும் வேண்டுமென்று செய்த காரியமல்ல. எங்கள் ஊரில் அது இருக்கும் இடம் அதுதான்.

“இப்ப சொல்லி என்னடா ஆவப்போகுது?” என்றேன். “ஜோசி எந்திரிச்சு வருவாளா?”

“லோர்னா எந்திரிப்பா.”

“கோரின் விழுந்துடுவா.”

“கோரின் அழுவா, கத்துவா, பொட்டியத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவா. போகட்டுமே. உண்மையத் தூக்கிக்கிட்டுப் போவா. இப்ப நீ அவளுக்குக் குடுத்து வச்சிருக்கிறது என்ன?”

நான் மண்டியிட்டேன், சார். கொதிகலன் அறையின் ஈர சிமென்ட் தரையில், எண்ணெய்க் கறைக்கு நடுவில். கடவுள் முன்னால்கூட நான் அப்படி மண்டியிட்டதில்லை. அவனுடைய பூட்ஸைப் பிடித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் செய்யாதே என்றேன். மலையை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன், லோர்னாவுக்கு ஆயுள் முழுக்க விறகு பிளந்து போடுகிறேன் என்றேன். ஒரு மனிதன் இவ்வளவு கெஞ்சிய பிறகும் இன்னொரு மனிதனால் இரங்காமல் இருக்க முடியும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவன் அழுதான், என்னைத் தூக்கி நிறுத்தினான், கட்டிக்கொண்டான். ஆனால் இரங்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை விருந்துக்கு எல்லாரும் வருவாங்க” என்றான். “அதுக்குள்ள நீயே கோரின்கிட்ட சொல்லிடு. உன் வாயால கேக்கட்டும். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்டா. முதல்ல அவகிட்ட, அப்புறம் கூடத்துல எல்லார்கிட்டயும். நான் கத்துனதையும் சேத்துத்தான் சொல்லுவேன்.”

நான் முயற்சி செய்யாமல் இல்லை. வெள்ளிக்கிழமை காலை உணவின்போது ஆரம்பித்தேன். கோரின் முட்டை பொரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கோரின், அன்னிக்கு மேல என்ன நடந்துச்சுன்னா...”

“வேணாம்” என்றாள். “எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“எல்லாம் தெரியாது.”

“நீ கம்பிய இறக்குன. அவ கையப் புடிச்ச. ஒரு அப்பன் வேற என்ன செய்ய முடியும், சொல்லு?” என்று என் தலைமுடியைக் கோதினாள். “சாப்பிடு, ஆறிடும்.”

நான் சாப்பிட்டேன். முட்டை நன்றாக இருந்தது.

அதன்பிறகு உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்வார்; அது சரியாகாது. எனக்கு ராய்ஸ் மேல் ஆத்திரம் ஏதும் இல்லை. உண்மை வெளியே வந்தால் கோரின் போய்விடுவாள், அவள் அம்மா வீட்டில் எத்தனை நாள் தாங்குவாள் என்று தெரியாது. நான் முடிந்தேன். ராய்ஸும் பொய் சொன்னவன் என்று ஊர் அவனையும் ஒதுக்கும். வெளியே வராவிட்டால் லோர்னா ஒருத்திதான். அவளுக்குத்தான் அலாரம் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ராய்ஸ் பேசாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. அவனுக்கும். தூக்கம் வருவதில்லை என்று அவனே சொன்னானே. நாயை என்ன செய்வது என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. நாமே எடுத்து வளர்க்கலாம் என்று முடிவு செய்ததும் மனம் லேசாகிவிட்டது. ரஸ்ட்டி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை அவனுக்குப் போன் செய்தேன். “நாளைக்குக் காலையில ஒரு தடவ மேல போய்ட்டு வரலாம்டா. அந்த எடத்தப் பாத்துட்டு வந்தா கோரின்கிட்ட சொல்லத் தைரியம் வரும்” என்றேன். “வர்றேன்டா. கண்டிப்பா வர்றேன்” என்றான்.

சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தான். எனக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தான். ஜோசியோடு போனபோது நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தேனோ அதே பக்கம் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ராய்ஸ் கையை உயர்த்தினான். அவன் ஜோசிக்குப் பிறகு தனியாக ஏறும்போதெல்லாம் கம்பியை இழுத்துக்கொள்வதை நான் கீழிருந்து பார்த்திருக்கிறேன். யார் கண்ணிலும் படாமல் செய்வதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் விரல் கம்பியில் பட்டது.

“என்னடா, தொட்டிலா?” என்றேன். “நாம யாரு? மலைக்காரங்க.”

அவன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தான். எதையோ கேட்க வந்தவன்போல வாயைத் திறந்தான். கையைத் தொங்கப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பயத்தைவிட வெட்கம் பெரிது.

போகும் வழியில் இன்னொரு தடவை கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று இருக்கக் கூடாதல்லவா.

“விட்டுடுடா, ராய்ஸ். எனக்காக.”

“உனக்காகத்தான்டா சொல்றேன். சொல்லிட்டா மூச்சு விடலாம். நாளைக்கு நான் உன் பக்கத்துலயே நிக்கிறேன். யார் என்ன சொன்னாலும் நான் நகர மாட்டேன்.”

நரிப் பள்ளம் வந்தது. அந்த லிஃப்டில் அவ்வளவு உயரமான இடம் வேறு இல்லை. வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று தோன்றியது. நான் கையை அவன் முதுகில் வைத்தேன். ஆறுதலுக்கு வைக்கிறேன் என்று நினைத்து அவன் என் பக்கம் சற்றுச் சாய்ந்தான். அதனால் முதலில் அவனை நிமிர்த்த வேண்டியிருந்தது. பிறகு தள்ளினேன். உலைக் கதவைச் சாத்துவதற்கு அதைவிட அதிகப் பலம் வேண்டும். போகிற போக்கில் அவன் கை மேலே எட்டிக் கம்பியைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் அது இறங்கிவிட்டது. கிரீஸ் வைத்தவன் நான்தானே. அவன் பிடி நிற்கவில்லை. உச்சியில் நான் இறங்கும்போது கம்பி என் மடிக்கு முன்னால் ஒழுங்காக இருந்தது. அங்கே நின்றிருந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான், வெண்டல் தொட்டிலில் வருகிறானே என்று. பிறகுதான் பக்கத்து இடம் காலியாக இருப்பதைப் பார்த்தான்.

பின் நாற்காலியில் தன் குழந்தையோடு வந்த மின்னசோட்டாக்காரர் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறார் என்கிறீர்கள். பார்த்திருப்பார். மறுக்கவில்லை. அவர்கள் கம்பியை இறக்கியிருந்தார்களா? இறக்கியிருப்பார்கள். நல்லது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். திட்டமிட்டது என்றும் எழுதலாம். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன், ஆயுள் முழுக்க உள்ளே இருக்கச் சொன்னாலும் இருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது.

வெளியே பெஞ்சில் கோரின் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிகிறது. என் குளிர்கோட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள், எனக்குக் குளிருமாம். காரில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டாவது தடவையும் உன் கையிலேருந்து ஒருத்தர் நழுவிட்டாங்களே, வெண்டல்” என்று அழுதாள். ராய்ஸை நான்தான் தள்ளினேன் என்று அவளிடம் சொல்லுங்கள். அதை அவள் தாங்குவாள். ஏன் என்று கேட்பாள். மான் வேட்டையில் தகராறு என்று சொல்லுங்கள். என் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லுங்கள். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். கம்பியைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். நான் உங்கள் முன்னால் மண்டியிட வேண்டுமா? இடுகிறேன். அதற்கு எனக்கு வெட்கமில்லை. ஜோசி விழுந்தபோது கம்பி கீழே இருந்தது என்ற அந்தப் பழைய தாளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

பொய்யைக் காப்பாற்ற முடியாது என்று தலையாட்டுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் அது முழுப் பொய்யும் அல்ல, சார். இது ராய்ஸுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. இப்போது எனக்கு மட்டும்.

அன்று நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஜோசி நிமிர்ந்து பார்த்து, “அப்பா, கம்பி” என்றாள். நான் சறுக்குக் கோல்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். அவள் விடவில்லை. அவளே எக்கி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். குழந்தை இழுத்தாலும் வரும் கீல் அது. மடிக்கு முன்னால் வந்து நின்றது. “அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கோம்ல” என்றாள். பின்னாலிருந்து ராய்ஸ் பார்த்துவிட்டான். “என்ன வெண்டல், பாப்பா தூங்குதா? ஆராரோ பாடட்டுமா?” என்று மலையே கேட்கக் கத்தினான். நான் சிரித்தேன். ஜோசியும் சிரித்தாள், சிரிக்கலாமா என்று என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். “நாம யாரு? மலைக்காரங்க” என்று சொல்லிக் கம்பியை மேலே தள்ளிவிட்டேன். அவள் கை அதை விடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஆகவே லிஃப்ட் வடத்தைத் தாங்கும் முதல் தூணிலிருந்து இரண்டாவது தூண் வரைக்கும் கம்பி கீழேதான் இருந்தது. அதை எழுதினால் போதும். அது உண்மை, சார். என் மகளே இறக்கினாள்.